எடைமேடைச் சீட்டு

செங்கமலம் அக்காவின் சிற்பங்களைப் பற்றிப்
பேப்பரில் எழுதியவர்களை எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது எடை.
எதை எங்கே கட்டினால் அசையாது,
எது திருப்பத்தில் தோள் சாய்க்கும்,
அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம்.

முதல் நடை நிசும்பன்.
நீடாமங்கலத்தில் மூடிக்கிடந்த நெல் மில்லில்,
உமி வாசம் போகாத கொட்டகையில் வார்த்தது.
மல்லாந்து கிடந்தான், வாய் பாதி திறந்து.
மிதிக்கிற அம்மனைக் காணோம்.
நெஞ்சில் ஒரு பாதம் அளவுக்குப் பள்ளம் மட்டும்.
முந்நூற்று நாற்பது கிலோ பித்தளை.
ரயில்வே கேட் மூடி, நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றோம்.
பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒருத்தர்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
“சாமி இல்லீங்க” என்றேன்,
“சாமி மிதிச்ச ஆளு.”
கையை எடுத்தவர், கொஞ்சம் நின்று,
பள்ளத்தில் விழுந்திருந்த வேப்பம்பூவை
ஊதிவிட்டுப் போனார்.

அப்புறம் வேல்.
சிக்கலில் அம்மாவிடம் வேல் வாங்குகிற அன்று
சிங்காரவேலருக்கு முகம் வேர்க்கும்.
ஒற்றி ஒற்றி எடுப்பார்கள், ஊரே பார்க்கும்.
கோபத்தில் என்பார்கள் எங்கள் வீட்டில்.
பயத்தில் என்றார் அக்கா.
சண்டைக்குப் போகிற பிள்ளைக்கு வேர்க்காதா?
அவர் செய்ததில் பிள்ளை இல்லை.
இரும்பு வேல் ஒன்று, அதைப் பிடித்தபடி ஒரு கை,
கொடுக்கிற கை,
ஐந்து விரலும் இறுகி.
நாலு பெட்ஷீட் சுற்றியும்
முனை தார்ப்பாயைக் கிழித்துவிட்டது.
அதற்குத்தான் டெல்லியில் விருது. போர்த்திய சால்வையை
திரும்பி வரும்போது சிலைக்கும் லாரிக் கம்பிக்கும் நடுவில்
மடித்துத் திணித்தார். நல்ல கனமான சால்வை.

பிறகு மூன்று வருஷம் போன் இல்லை.
கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை முடிந்த வருஷத்திலிருந்து.
கோடியக்கரையில் பார்த்தேன் என்றான்
மீன் லோடு அடிக்கும் சகாயராஜ்.
சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

ஒரு சித்திரையில் கூப்பிட்டார்:
“மதியழகா, கிரேன் வேணும்.”

மில்லுக்குப் பின்னால் தரிசில் ஒரு குழி.
வெட்டியது யோகராணி, முகாமிலிருந்து வந்தவர்.
அங்கே பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடந்த பதுங்குகுழியை
டேப் வாங்காமல், தன் உடம்பால் அளந்து
வளைவு முதற்கொண்டு வெட்டினார்.
நம் மண் அந்த மண் இல்லையே.
நாலடியில் ஊற்று கசிந்துவிட்டது.
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
“இன்னும் ஒரு முழம் இருந்தது” என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
இறைத்துவிட்டுக் காங்கிரீட் ஊற்றினோம்.
இறுகியதும் தூக்கினால்
வந்தது குழி இல்லை, குழிக்குள் இருந்த இடம்.
பக்கமெல்லாம் மண்வெட்டித் தழும்பு,
வண்டலோடு ஒட்டிக்கொண்ட ஒரு வயல் நண்டின் ஓடு.

எடைமேடைப் பையன் கேட்டான், “என்ன சரக்கு?”
“குழி.”
சிரித்துக்கொண்டே தட்டினான். சீட்டில் இப்படி வந்தது:
சரக்கு, காலி.
நிகர எடை, ஆறாயிரத்து நானூறு கிலோ.

சென்னையில் இறக்கிவிட்டு நானும் நின்றிருந்தேன்.
மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.
யோகராணி ஒருமுறை சுற்றி வந்தார்.
தண்ணீர் அறுத்துத் தட்டையாக்கிய அடிப்பக்கத்தில்
உள்ளங்கையை வைத்து,
“இதுக்குக் கீழைதான்
சின்னவன் படுத்திருந்தவன்” என்றார்.
அதை எந்தக் கயிற்றில் கட்டுவது?

இப்போது அக்கா தெய்வானை செய்கிறார்.
சூரனை வென்றதற்கு இந்திரன் பரிசாகக் கொடுத்த பெண்.
“அவளை யாரும் கேட்ட மாதிரி தெரியல”
என்றார் மெழுகு உருக்கிக்கொண்டே.
இடுப்பு வரை வந்திருக்கிறது.
எவ்வளவு எடை வரும் என்று கேட்டேன்,
வண்டி சொல்லி வைக்க வேண்டுமே.
“மொதல்ல அவ வர்றேன்னு சொல்லட்டும்.”

சரி என்று வந்துவிட்டேன்.
தார்ப்பாயில் அந்தக் கிழிசல் அப்படியே இருக்கிறது.
மழைக்கு முன்னால் தைக்க வேண்டும்.